மூன்றாம் நம்பர் தலை

நாகலெட்சுமியின் தலைக்குள் போய் வந்த டொக்டர்மார் எத்தனை பேர் என்று அவளுக்கே தெரியாது. மூளைக்குள் சின்னக் கமரா விட்டு ஒப்பரேஷன் செய்யப் பழகுகிறவர்கள், கண்டியிலுள்ள பயிற்சிக் கூடத்துக்கு வருகிற இளம் டொக்டர்கள், ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருப்பார்கள். சிலர் வாரக்கணக்கில் போய் வந்திருப்பார்கள். ஆனால் அது அவளுடைய தலை என்று ஒருவருக்கும் தெரியாது. பெட்டியின் மேல் ‘3’ என்று மட்டும்தான் இருக்கும். அதை எழுதுகிறவளும் அவளேதான்.

கந்தப்பளை பஸாரில், மஃறூப் நானாவின் ஹாட்வெயார் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. அதுதான் வீடு, அதுதான் பட்டறை. ஜன்னலோரத்து நீட்டு மேசையில் பிளாஸ்டிக் மண்டையோடுகள் வரிசையாக உட்கார்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிற சனம் தலையை நிமிர்த்தினால் அவைதான் கண்ணில் படும். பிறகு ஊர் சும்மா இருக்குமா? ‘மண்டை செய்யிற பொம்பள’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோயிலில் பூ விற்கிற வேலாயி ஒருநாள் அவளை வழியில் மறித்து, கேட்காமலே நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டாள். நல்ல மனசுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பூசிய கையை உடனே முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நாகலெட்சுமி அதையும் பார்த்தாள்.

மரப்படி ஏறி யாரும் மேலே வருவதில்லை. மஃறூப் நானாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கீழேயே நின்று குரல் கொடுப்பார். அவருடைய மனைவி ரஸீனா பெருநாளுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புவாள், மறந்ததே இல்லை. அது படியின் கீழ்த் தட்டில் மூடிய கிண்ணத்தில் காத்திருக்கும். கிண்ணத்தைக் கழுவி அதே தட்டில் வைத்தால் அதுவும் போய்விடும்.

அப்படியும் நாகலெட்சுமி காலையில் எழுந்ததும் அறையைக் கூட்டுவாள். மாபிள் தரை மாதிரி மினுங்கத் துடைப்பாள். அறையில் இரண்டு கதிரைகள் இருந்தன. ஒன்று அவளுக்கு. மற்றது வருகிறவர்களுக்கு என்று வாங்கியது. யாரும் உட்காராததால் அது வாங்கியபடியே புதுசாக இருந்தது. தூசு மட்டும் படியும், அதைத் துடைப்பாள்.

அவள் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா இராமையா அங்கே கான் வெட்டுகிறவர். மழைக்கு மலைச்சரிவில் தண்ணீர் தேங்காமல் வடிவதற்காகத் தேயிலைக்கு நடுவே வெட்டுகிற வாய்க்காலைத்தான் அங்கே கான் என்பார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்தார், பின்னாலேயே அம்மாவும். அண்ணன் யோகேஸ்வரன் கட்டாரில் இருந்தான். தீபாவளிக்குப் போன் எடுப்பான், தைப்பொங்கலுக்கு எடுத்தாலும் எடுப்பான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அவளுடைய தலைவலியும் கூடவே வந்தது. ‘புள்ளைக்கு மண்டையில ஏதோ கோளாறாம்’ என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட, வந்த மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அந்தப் புண்ணியவான் சொன்னது உண்மை என்பதுதான் அதில் இன்னும் மோசமான சங்கதி.

தலைக்குள்ளே நீர் கட்டியிருந்தது. மூளைக்கு நடுவில் எல்லோருக்கும் சில அறைகள் உண்டாம், அவற்றில் ஒரு நீர் ஊறி வடிந்துகொண்டே இருக்குமாம். அவளுக்கு வடிகிற வழி அடைத்துப்போயிருந்தது. கண்டி ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர் இதை எப்படி விளக்குவது என்று தடுமாறியபோது அவளே, கான் அடைத்தால் பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டிவிடுவார்களே, அப்படியா என்று கேட்டாள். அப்படியேதான் என்றார் அவர். மண்டையில் சின்னத் துளை போட்டு, பென்சில் தடிப்பில் ஒரு குழாயைக் கமராவோடு உள்ளே விட்டு, பக்கத்து அறை வழியாக நடு அறைக்குப் போய், அதன் தரையில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு வந்தார். தலைவலி போன இடம் தெரியவில்லை.

வார்டில் கட்டிலோரத்தில் நின்றபடி, என்ன வேலை செய்கிறாய் என்று அவர் கேட்டார். நுவரெலியாவில் ஒரு பல் கட்டுகிற இடத்தில், மெழுகிலும் சாந்திலும் அச்சு எடுக்கிற வேலை என்றாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் பழகுகிற டொக்டர்கள் நேரே நோயாளியின் தலையில்தான் கை வைத்துப் பழகினார்கள். பக்கத்தில் மூத்த டொக்டர் நிற்பார், அவ்வளவுதான் காவல். அதனால் முதலில் ரப்பர்த் தலையில் பழகட்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். வெளிநாட்டிலிருந்து அப்படியான தலைகளை வரவழைப்பது நடக்கிற காரியமில்லை. செய்து தர ஒரு கை வேண்டியிருந்தது.

அப்படித்தான் தொடங்கியது. ஸ்கேன் படத்தைக் கம்பியூட்டரில் போட்டு, தலைக்குள் இருக்கிற வெற்றிடத்தின் உருவத்தைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அச்சடித்து அனுப்புவார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் ஆட்டின் இரண்டு கொம்புகளை நடுவில் ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அந்த உள்ளச்சைச் சுற்றி மூளையின் பதத்துக்கு ரப்பர்க் குழம்பை ஊற்றி, இறுகியதும் ஒரு பக்கம் கீறி அச்சை உருவி எடுத்துவிட்டால் உள்ளே அறைகள் தயார். நடு அறையின் தரைக்கு மட்டும் மெல்லிய தோல் ஒன்று. பழகுகிறவர்கள் அதில் ஓட்டை போட்டதும் கழற்றிவிட்டுப் புதுத் தோல் மாட்ட வேண்டும். எல்லாவற்றையும் மண்டையோட்டுக்குள் அடக்கி, அறைகளில் தண்ணீர் நிரப்பினால் பயிற்சித் தலை.

ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் எங்கேயோ இருக்கிற யாரோ மனிதர்களின் தலைகள். படத்தில் வரைந்த மாதிரி ஒழுங்கானவை. மூன்றாவதாக அவளுடைய ஸ்கேனை எடுத்துக்கொள்ளட்டுமா என்று பெரிய டொக்டர் கேட்டார். பெயர் எங்கேயும் வராது என்றார். ஏன் என்னுடையது என்று கேட்டதற்கு, உள்ளே ஒரு மடிப்பு இருக்கிறது என்றார். பக்கத்து அறையிலிருந்து நடு அறைக்குப் போகிற சின்ன வாசல், அவளுக்கு நேராக இல்லாமல் ஒரு மடிப்பு தள்ளிக்கொண்டு நின்றது. அவரே வளைந்து நெளிந்துதான் போக வேண்டியிருந்ததாம். அந்த வாசலின் விளிம்பில்தான் ஞாபகத்துக்கான நரம்புக்கட்டு ஓடுகிறது. நேராகத் தள்ளினால் அது நசுங்கும், நசுங்கினால் அதற்குப் பிறகு நடக்கிற எதுவும் மனதில் நிற்காது. கஷ்டமான தலையில் பழகினால்தான் பிள்ளைகளுக்குக் கை திருந்தும் என்றார்.

கஷ்டமான தலை. அவர் நல்லதாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சரி என்றாள்.

பிறகு பெரிய டொக்டர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அவர் இருந்தவரைக்கும் ஒவ்வொரு தலையையும் தானே கமரா விட்டுப் பார்ப்பார். அவர் போனதும் பயிற்சிக் கூடத்திலிருந்து அவளோடு பேசுவதற்கு ஒரே ஆள்தான் இருந்தார், ஃபாஸில் என்கிற இளம் டொக்டர். ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கிறவர்களின் மகன். நேரில் கண்டதில்லை. வட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்புவார். “அக்கா” என்றுதான் தொடங்குவார். நாலு வார்த்தைதான் பேசுவார், அதுவும் நடந்துகொண்டே. நாகலெட்சுமி அந்த நாலு வார்த்தையை ரப்பர் இறுகுகிற நேரமெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். அறையில் இன்னொரு மனிதக் குரல் கேட்பது அப்போது மட்டும்தான்.

ஒருநாள் அந்தக் குரல் சொன்னது, “அக்கா, மூணாம் நம்பர் தலை இனி வேணாம். ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்ல. போற வழி சரியில்லன்னு ஒதுக்கி வச்சிட்றாங்க. ஒண்ணும் ரெண்டும் அனுப்புங்க போதும்.”

அதை அவள் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பாதித் தேத்தண்ணியோடு எழுந்து போனபோது வந்த அழுகையைவிட இது பெரிதாக வந்தது. ரப்பர்த் தலைக்காக ஒருத்தி அழுவாளா என்று கேட்கலாம். கேட்கிறவருக்கு வீட்டில் ஆள் இருக்கும்.

மறுநாள் உள்ளச்சைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். மடிப்பு இருக்கிற இடத்தில் அச்சில் ஒரு வெட்டுப் பள்ளம். அச்சை உருவும்போது ரப்பரில் அந்த இடம் அடிக்கடி கிழிந்து தொலைக்கிறதும் உண்டு. பல் கட்டுகிற இடத்தில் இதற்கெல்லாம் யோசிக்கவே மாட்டார்கள். அச்சில் பள்ளம் இருந்தால் மெழுகை உருக்கி நிரப்பி வழித்துவிடுவார்கள், வார்ப்பு கிழியாமல் சுத்தமாகக் கழன்று வரும். கை பழகிய வேலை. மெழுகை உருக்கினாள், பள்ளத்தை நிரப்பினாள், விரலால் நீவி மழமழப்பாக்கினாள். அறையைக் கூட்டித் துடைப்பவள் தலையையும் கூட்டித் துடைத்துவிட்டாள், வேறொன்றுமில்லை. வாசல் நேரானது, அகலமானது. யார் வந்தாலும் முட்டிக்கொள்ளாமல் போகலாம்.

புதிதாக வார்த்ததைக் கேட்காமலே மற்றவற்றோடு சேர்த்து அனுப்பினாள். செல்லசாமியின் மரக்கறி லொறி கண்டிப் பக்கம் போகும். லீக்ஸ் கட்டுகளுக்கும் கரட் மூட்டைகளுக்கும் நடுவில் அவளுடைய பெட்டிகளும் போகும். சில நாள் கழித்து வொய்ஸ் வந்தது. மூன்றாம் நம்பர் இப்போது அருமையாக இருக்கிறதாம், நேராகப் போகிறதாம், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்களாம். நாகலெட்சுமிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அன்றைக்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்து, தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் புதுக் கதிரைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்றாம் நம்பர்தான் நிறையப் போனது. ஒன்றும் இரண்டும் மூலையில் கிடந்தன. கொண்டு போங்கள், வந்து பாருங்கள், எத்தனை பேர் வேண்டுமானாலும் வாருங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பெட்டியில் நம்பர் போடுவாள்.

போன மாரியில் தலைவலி திரும்ப வந்தது.

முதலில் பனிக்குளிர் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டாள், கொத்தமல்லி அவித்துக் குடித்தாள். ஆனால் விடிகாலையில் எழும்போதே மண்டையைப் பிளந்தது. எழுந்ததும் வாந்தி. ஜன்னலோரத்து மண்டையோடுகள் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கின. அவளுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டிவிட்ட கான் தூர்ந்துபோய்விட்டது.

கண்டிக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு கிளினிக் வரிசையில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்தது ஃபாஸில். அவளைவிட உயரத்தில் சின்னவர், கண்ணாடி போட்டிருந்தார், குரலைக் கேட்டிராவிட்டால் நம்பியிருக்க மாட்டாள். பெயரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். நீங்கள்தானா அந்த அக்கா என்று சிரித்தார். பக்கத்திலிருந்த நர்ஸிடமும் பயிற்சி டொக்டரிடமும் சிங்களத்தில் இவர்தான் நம்முடைய தலைகளையெல்லாம் செய்கிறவர் என்று சொன்னார். அவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அப்படி ஒரு பார்வையை அவள் எப்போது கடைசியாகக் கண்டாள் என்று நினைவில்லை.

ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஓட்டை மூடிக்கொண்டுவிட்டது, திரும்பப் போட வேண்டும், அடுத்த கிழமையே செய்துவிடலாம், இப்போது இங்கே இதைச் செய்வது நான்தான் என்றார். பிறகு படத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்து, “பயப்பட வேணாம் அக்கா. உங்க தலை அச்சு அசல் நம்ம மூணாம் நம்பர் மாதிரியே இருக்குது. அதுல நான் எத்தன தடவ போயிருப்பேன். கண்ண மூடிட்டுப் போவேன்” என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். வெளியே வரிசை நீண்டு நின்றது, அடுத்த நோயாளி கதவில் எட்டிப் பார்த்தார், நர்ஸ் இன்னும் சிரித்த முகமாகவே நின்றாள். அந்தச் சிரிப்பை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சரிங்க டொக்டர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

றம்பொடை வளைவுகளில் பஸ் ஏற ஏறத் தலை இரண்டாகப் பிளந்தது. பக்கத்து இருக்கைப் பெண் ஒரு பொலித்தீன் பையை நீட்டிவிட்டு எழுந்து போய் முன்னால் நின்றுகொண்டாள். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நாகலெட்சுமி யோசித்தாள். சொன்னால் என்ன ஆகும்? இனி அவளை நம்பி யாரும் வேலை தர மாட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை, பல் கட்டப் போகலாம். அக்கா என்று தொடங்குகிற அந்தக் குரல் வராது. சொல்லாவிட்டால்? கண்ணை மூடிக்கொண்டு போகிற கை நேராகத் தள்ளும். ஞாபகம் போகும். போனால் போகட்டுமே. ஒருவரும் வராத அறையில் புதிதாக ஞாபகம் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நேற்றும் கூட்டினேன், இன்றும் கூட்டினேன் என்பதா? மறந்துபோனாலும் ஒன்றும் குறையாது.

இப்படியே நினைத்துக்கொண்டு கந்தப்பளை வரைக்கும் வந்துவிட்டாள். இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, கதவைத் திறந்தாள். மண்டையோடுகள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. மேசையில் போன வாரம் வார்த்த மூன்றாம் நம்பர் தலைகள் அனுப்பத் தயாராகப் பெட்டியில் இருந்தன. அவற்றைப் பார்த்ததும்தான் அது உறைத்தது. உலகத்தில் மடிப்பு உள்ள தலை அவளுடையது ஒன்றுதானா? எங்கேயாவது ஒருத்திக்கு இதே போல இருக்கும். இந்த மழமழத்த வாசலில் பழகிய கை ஒன்று அவளுக்குள் போகும். அவளுக்கு வீடு நிறைய ஆள் இருக்கலாம். பிள்ளை இன்றைக்குப் பேசிய முதல் பேச்சு அவள் மனதில் நாளைக்கு நிற்க வேண்டியிருக்கலாம்.

நாகலெட்சுமி உட்கார்ந்து அழுதாள். அழுதால் தலைவலி கூடும் என்று தெரிந்தும் அழுதாள். பிறகு எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

உள்ளச்சைச் சுடுதண்ணீரில் போட்டு, இளகிய மெழுகைப் பல் சுரண்டுகிற ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். இரண்டாகத் தெரிகிற பள்ளத்தில் எது அசல் என்று பார்க்க ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. நிறுத்துவாள், சுவரில் சாய்வாள், மறுபடி எடுப்பாள். கடைசியில் பிளாஸ்டிக்கின் வெட்டு விளிம்பு விரலில் பட்டது. கோணலும் மாணலுமாக, தன் தலை எப்படியோ அப்படியே. அதைச் சுற்றி ரப்பர் ஊற்றினாள். உருவும்போது மடிப்பு கிழிந்தது. திரும்ப ஊற்றினாள். மறுநாளும் அதே வேலை. மூன்றாவது வார்ப்பில் சவர்க்காரத் தண்ணீர் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உருவினாள், கிழியவில்லை.

இனிச் சொல்ல வேண்டும். போனை எடுத்துப் பேசினாள், அழித்தாள். திரும்பப் பேசினாள், இருமல் வந்தது, அழித்தாள். அவளுடைய குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது. கடைசியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

“டொக்டர், மூணாம் நம்பர் தலை என்னுதுங்க. மெய்யாவே என்னோட தலைதான், பெரிய டொக்டர் எடுத்துக் குடுத்தாரு. அந்த வாசல்ல ஒரு மடிப்பு இருக்குதுங்க. ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறாங்கன்னு நீங்க சொன்னீங்கல்ல, அதுக்கப்புறம் நான்தான் மெழுகு வச்சு அடைச்சி நேராக்கிட்டேன். எல்லாரும் வரணும்னு வீட்டக் கூட்டிப் பெருக்குற மாதிரிப் பண்ணிட்டேங்க. இப்ப லொறியில வர்றதுதான் சரியான தலை. என்னைய ஒப்பரேஷன் பண்றதுக்கு முன்னால அதுல ஒருக்காப் போய்ப் பாருங்க.”

செல்லசாமியிடம் பெட்டியைக் கொடுத்தபோது, இதில் மட்டும் எதையும் மேலே அடுக்க வேண்டாம் என்றாள். அவன் சிரித்துக்கொண்டு தன்னுடைய சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். ஃபாஸில் வொய்ஸைக் கேட்டுவிட்டார் என்பதற்கு அடையாளமாகப் போனில் இரண்டு சரிக்குறியும் நீலமாயின. பதில் வரவில்லை. அன்றும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. ரப்பர் வேலை எதுவும் இல்லாததால் பழைய வொய்ஸ்களைப் போட்டுக் கேட்கவும் சாக்கு இல்லாமல் போனது. சும்மா படுத்திருந்து கேட்டாள்.

வார்டில் படுக்கப் போகிற அன்று மஃறூப் நானா கடை வாசலில் நின்று, துணைக்கு ரஸீனாவை அனுப்பட்டுமா தங்கச்சி என்று கேட்டார். உங்களுக்கு எதற்குக் கரைச்சல் என்றாள். அவரும் வற்புறுத்தவில்லை. வார்டில் நர்ஸ், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். அண்ணன் கட்டாரில் என்றாள். நர்ஸ் தலையை ஆட்டிவிட்டுப் படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டாள். பக்கத்துக் கட்டில் கிழவியைச் சுற்றி மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று நிற்க இடமில்லை. அவர்களுக்குக் கதிரை போதாமல் நாகலெட்சுமியின் கட்டிலோரத்துக் கதிரையையும் கேட்டு எடுத்துக்கொண்டார்கள்.

பின்னேரம் ஃபாஸில் வந்தார். சிரிப்பு இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

“நீங்க அனுப்பின தலையில மொதல் தடவ இடிச்சிட்டேன் அக்கா” என்றார். “ஸ்கேன்ல மடிப்ப நல்லாப் பாத்துக்கிட்டுத்தான் போனேன். அப்பவும் கை அதும்பாட்டுக்கு நேராப் போயிருச்சு. பழகின கை.”

ஞாபக நரம்பு இருக்கிற விளிம்பில் சரியாக நசுங்கியிருந்தது என்றும், அது ரப்பர் என்று தெரிந்தும் தனக்கு உடம்பு வேர்த்துவிட்டது என்றும் சொன்னார். பிறகு இந்த நாளெல்லாம் அதிலேயே பழகினாராம். இப்போது இடிக்காமல் போக வருகிறது. ஆனால் மெழுகு வைத்த தலையில் பழகிவிட்டுப் போனவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் திரும்பப் பழக்க வேண்டும் என்றார். அவருடைய குரலில் கோபம் இருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டாள், அது அவளுக்கு உரியதுதான்.

“நல்லாகி வந்து அந்தத் தலையெல்லாம் நீங்கதான் செஞ்சு தரணும்” என்றார்.

“செய்றேங்க.”

“கூட்டிப் பெருக்காம.”

“பெருக்க மாட்டேங்க டொக்டர்.”

ஒப்பரேஷனைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை விளக்கு, மூக்கில் ஒரு வாசம், அவ்வளவுதான். யாரோ ஒருவர் வந்து கதவைத் தட்டப்போகிறார், அறை கூட்டாமல் கிடக்கிறதே என்று கடைசியாக நினைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

விழித்தபோது தலைவலி இல்லை. தையல் போட்ட இடம் எரிந்தது, அது வேறு வலி. கூரையிலிருந்த மின்விசிறி ஒன்றாகவே தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அடுத்த நாள் ஃபாஸில் நர்ஸோடு வந்தார். வளைந்துதான் போனேன், எங்கேயும் படவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ஞாபகத்தைச் சோதித்துப் பார்க்காமல் நம்ப முடியாது என்றார். கண்ணில் தூக்கம் இல்லை. கரட், குடை, பாலம் என்று மூன்று வார்த்தைகளைச் சொல்லி மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், மாதம் கேட்டார். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். பாணும் பருப்பும், பருப்பில் உப்பு இல்லை என்றாள். நர்ஸ் சிரித்தாள். கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டார். கரட், குடை, பாலம். அவருடைய தோள் சற்றே தளர்ந்தது.

“கடைசியா ஒண்ணு அக்கா. நீங்க இங்க வர்றதுக்கு முன்னால உங்க ரூமுக்குக் கடைசியா யாரு வந்தாங்க?”

நாகலெட்சுமி யோசித்தாள். அவர் காத்திருந்தார். அவள் இன்னும் யோசித்தாள். படியின் கீழ்த் தட்டு நினைவுக்கு வந்தது, அதில் மூடியிருந்த கிண்ணம் வந்தது. கீழேயிருந்து கேட்ட மஃறூப் நானாவின் குரல் வந்தது. புதுக் கதிரை வந்தது. அதற்குப் பின்னால் போனாள், போன வருஷம், அதற்கு முந்தின வருஷம்.

ஃபாஸிலின் முகம் வெளிறிவிட்டது. நர்ஸை ஒரு தரம் பார்த்தார். அவசரமில்லை, சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தவர்கள், யாராக இருந்தாலும் சரி, மெதுவாக யோசியுங்கள் என்றார்.

“ஞாபகம் வருதில்லையா அக்கா?”

“ஞாபகமெல்லாம் நல்லா இருக்குதுங்க டொக்டர்” என்றாள் அவள். “யாரும் வரலைங்க.”

என்ன சொல்கிறாள் என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டாள். அவர் மொழிபெயர்க்கவில்லை. ஞாபகசக்தியில் குறையொன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அட்டையை நர்ஸிடம் கொடுத்து அனுப்பினார். அவர் போகவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குப் போய், அவர்கள் எடுத்துப்போயிருந்த அவளுடைய கதிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.